அத்தையின் மரச் சைக்கிள்

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, எண்ணெய் என்றால் உங்களுக்கு மூட்டுவலி ஞாபகம் வரும். எனக்குச் செத்துப்போனவர்கள் ஞாபகம் வருவார்கள். பயப்படாதீர்கள், இது ஒப்பாரி இல்லை. ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு தை மாதத்திலிருந்து மாசி மாதம் வரை நடந்ததைச் சொல்லப்போகிறேன். அதன் முடிவு மட்டும் போன மாசியில்தான் நடந்தது. நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நமக்கு அதுவும் ஒரு கணக்கா?

எங்கள் வகையறாவில் ஆண்பிள்ளை ஒருவர் இறந்தால், அடுத்த மாசிக்குள் அவருக்கு வேங்கை மரத்தில் ஒரு தூண் செய்து நட்டாக வேண்டும். பாட்டன் தூண் என்போம். கான்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி தோப்பு இருக்கிறது. சாமிக்கு அங்கே ஒரு செங்கல் பீடம்தான். ராஜ மரியாதை எல்லாம் பாட்டன்களுக்கு. ஆள் உயரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் அந்த ஆள் என்னவாக வாழ்ந்தார் என்பது ஒரு முழ உயரத்துக்குச் செதுக்கியிருக்கும். பழைய தூண்களில் ஏரும் மாடும். அப்புறம் பட்டாளத்துக்குப் போனவருக்குத் துப்பாக்கி, டெய்லருக்குத் தையல் மிஷின், லாரி ஓட்டியவருக்கு முழு லாரி. குடித்தே போய்ச் சேர்ந்த ஒருவருக்கு ஆசாரி நாசூக்காக ஒரு பனைமரத்தை மட்டும் செதுக்கிக் கொடுத்திருந்தார். அவர் மகன்கள் இன்றுவரை "எங்கய்யாவுக்கு நொங்குன்னா உசுரு" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் தூண்களுக்கு எண்ணெய்க் குளியல். இலுப்பெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, பிள்ளைக்கு ஒரு தூணாகப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். என் பங்கு லாரிக்காரர். சக்கர இடுக்கில் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றித் தடவுவேன். அந்த எண்ணெயின் கசந்த வாசம் இரண்டு நாள் சோற்றிலும் வரும். அப்புறம் தூணுக்குப் புதுவேட்டி, அவரவருக்குப் பிடித்த பண்டம். லாரிக்காரருக்கு ஒரு கட்டுப் பீடியும் இரண்டு பருப்பு வடையும். பீடியை நான் தொடக்கூடாது, வடையை எடுத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்குத் தூண் கிடையாது. பெண் பிறந்த வீட்டுக்குச் சொந்தமில்லை, போகிற வீட்டுக்குத்தான் என்பது வழக்கம். போன வீட்டிலாவது என்ன கிடைத்துவிட்டது? புருஷன் தூணின் அடியில், வேட்டி கட்டினால் மறைந்துபோகிற இடத்தில், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பெண்ணுருவம். வாழ்நாள் முழுக்க முப்பது பேருக்குச் சோறு வடித்தவளுக்கு அவ்வளவுதான் இடம்.

எங்கும் போகாத பெண்ணுக்கு என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை.

அத்தை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. மில்லுக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்தாள். தம்பி போலீசில் சேர்ந்தார், கல்யாணம் செய்தார், எங்களைப் பெற்றார், ஏட்டு ஆனார். அத்தைக்கு "நல்ல இடம் அமையலை" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். யாரும் தேடவில்லை என்பது எனக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்தபோதுதான் உறைத்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். அதுவும் பார் வைத்த ஆம்பிளை சைக்கிள். மில் சங்கு ஊதுவதற்கு முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். சீட்டுக்கு அடியிலிருக்கும் சுருள் கம்பியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் கம்பி விரலைக் கவ்வும். "கத்தாதட்டி, நான்தானே ஓட்டுதேன்" என்பாள்.

அந்தத் தை மாதத்தில் அத்தை ஒன்பது ஞாயிறு ஆண்டாளைக் கும்பிடுவதாக நேர்ந்துகொண்டாள். துணைக்கு நான். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம், சாமி கும்பிடுவோம். ஆனால் கும்பிட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப மாட்டோம். ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. எங்கள் தூண்களை எல்லாம் செதுக்கிய ஆசாரியின் பட்டறை அது. முதல் ஞாயிறே அத்தை குனிந்து என் காதில் சொல்லிவிட்டாள்.

"தூணைப் பத்தி வீட்டுல மூச்சு விடக்கூடாது. விடுவியா?"

"விடமாட்டேன் அத்தை."

"சாமி சத்தியமா?"

"லாரிக்காரர் சத்தியமா."

ஆசாரி பெண்டாட்டியை இழந்தவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேசுவதில் பாதி மரத்தோடுதான். வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் கசியும். அவர் கைரேகையில் அந்தச் சிவப்பு எப்போதும் இருக்கும். தூணின் உச்சியில் சைக்கிள் உருவாகி வந்தது. முதலில் சக்கரம், அப்புறம் பார், அப்புறம் சேலையைச் செருகிய ஒரு கால். முகத்துக்கு வந்தபோது ஆசாரி நூலை நனைத்து அத்தையின் மூக்கில் வைத்து அளப்பார். அளந்த இடத்தில் முடிச்சுப் போடுவார். அப்புறம் நெற்றி, கன்னம், தாடை. "அசையாதீக" என்பார். அத்தைக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வரும். நான் மரச்சீவல் குவியலில் உட்கார்ந்து, மந்தாரை இலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பால்கோவா தின்றுகொண்டிருப்பேன்.

சைக்கிளின் கேரியர் மேல் மட்டும் ஒரு கட்டி மரம் உளி படாமல் அப்படியே இருந்தது.

"இது என்ன தாத்தா?"

"அதுவா? அரிசி மூட்டை" என்றார் ஆசாரி. அத்தை சில நாள் கடையிலிருந்து அரிசி கொண்டுவருவாள். அதனால் நான் நம்பினேன்.

ஆறாவது ஞாயிறு முடிந்து இரண்டு நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார். அவரோடு வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒருவர் அத்தை அந்தச் சந்துக்குள் போவதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்பா முகத்தில் ஸ்டேஷன் களை.

"அத்தை உன்னைய எங்க கூட்டிட்டுப் போகுது?"

தூணைப் பற்றித்தான் சொல்லக்கூடாது. மற்றதைச் சொல்லலாம் என்று என் சின்னப் புத்தி கணக்குப் போட்டது.

"ஆசாரி தாத்தா வீட்டுக்கு."

"அங்க என்ன செய்வாக?"

"ஆசாரி தாத்தா அத்தை மூக்கை நூல் வச்சு அளப்பாரு."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"பொறவு?"

"பொறவு கன்னத்தை அளப்பாரு."

"உங்க அத்தை என்ன செய்யும்?"

"சிரிக்கும்."

"நீ என்னட்டி செய்வே?"

"பால்கோவா திம்பேன்."

அப்பா எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமையில் நின்றுகொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய இடத்தில் இவ்வளவு கச்சிதமாக உளறிய பிள்ளை ராஜபாளையம் வட்டாரத்தில் வேறு இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்ல, அத்தை தனியாகப் போனாள். அடுத்த பஸ்ஸில் அப்பாவும் நானும். எந்தச் சந்து என்று நான்தான் காட்டினேன். காட்டிய கையை அப்புறம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொட்டகைக்குள் அத்தை ஒரு பெட்டியின் மேல் முகத்தை உயர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஆசாரி நூலோடு குனிந்திருந்தார்.

"ஏலே ஆசாரி! எடுலே கையை!" அப்பாவின் சத்தத்தில் சந்தில் நின்ற மாடு விலகி ஓடியது.

ஆசாரி திரும்பவே இல்லை. "செத்தப் பொறுங்க ஏட்டையா. முடிச்சு நழுவிரும்."

அப்பா அவரைப் பிடித்துத் தள்ளப் போனவர், பின்னால் சாய்த்து வைத்திருந்த தூணைப் பார்த்துவிட்டார். சைக்கிள், சேலை, பாதி முகம். ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. 

"அக்கா, இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உசுரோட இருக்கிறவளுக்குத் தூணா? எமனை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறியா? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நான் செத்த பொறவு நீ செஞ்சு நடுவியாலே தம்பி?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நடமாட்டேல்ல? அதான் நானே செஞ்சுக்கிடுதேன். வருசா வருசம் அம்புட்டுத் தூணுக்கும் எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கேன். எனக்கு ஒருத்தரும் ஒரு சொட்டு விடமாட்டிய. நான் எங்கலே போவேன்?"

அப்பா மரச்சீவலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு நீ இந்த ஆசாரியையே கட்டியிருந்தாக்கூட நான் ஊருக்குப் பதில் சொல்லிருவேனே" என்றார்.

"அவிய கேக்கலையே" என்றாள் அத்தை.

ஆசாரியின் கையிலிருந்த நூல் நழுவிக் கீழே விழுந்தது. அது விளையாட்டுப் பேச்சா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் அப்புறமும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பையோடு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். "கனத்துட்டட்டி. இனிமே உன்னைய வச்சு மிதிக்க முடியாது, நடந்து போ" என்றாள். உள்ளபடியே கனத்திருக்கலாம். பால்கோவா சும்மா விடுமா? ஆனால் நான் அதைக் கோபமென்றே எடுத்துக்கொண்டேன். நடந்து போனேன். அவள் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

விஷயம் குலசாமி தோப்புக்குப் போனது. சிவராத்திரிக்கு மறுநாள் காலை, எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது பூசாரி விசாரித்தார். அப்பாவுக்குப் பெரியப்பா முறை. பல் ஒன்றுகூட இல்லை, அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

"பொம்பளைக்குத் தூண் நட்டு வழக்கமில்லை தாயி."

"வேற வீட்டுக்குப் போற பொம்பளைக்குத்தானே பெரியப்பா வழக்கமில்லை? நான் போகலையே. போகாதவளுக்கு என்ன வழக்கம்? சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

பூசாரி தூண் வரிசையை ஒரு முறை பார்த்தார்.  கூட்டம் சலசலத்தது. எமனுக்கு விலாசம் எழுதி வைத்தவள் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் பூசாரி, பூக் கேட்போம் என்றார். இலைப் பொட்டலம் இரண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. மூத்த பாட்டன் தூண் முன்னால் வைத்து ஒரு பிள்ளை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பாட்டன்களுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தத் தூணை உடைத்து அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட வேண்டும். கண் திறக்காத தூண் வெறும் மரம்தான், எரித்தால் பாவமில்லை என்றார்.

"அத்தை கூடவே போச்சுல்ல, அந்தப் பிள்ளையே எடுக்கட்டும்" என்று என்னைக் கைகாட்டினார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. அத்தை இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. நான் பொட்டலங்களுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தேன். இலுப்பெண்ணெய் வாசத்தையும் மீறி இடது பக்கத்திலிருந்து மல்லிகை மணத்தது.

நான் கள்ளத்தனம் செய்தேன் என்று இன்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாட்டன் கோபித்தாலும் கோபித்துக்கொள்ளட்டும். இடது பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை வெளேரென்று மல்லிகை.

அத்தை அழுதாள். அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் குலவை போடத் தோன்றியது, வாய் வரவில்லை.

வளர்ந்த பிறகு எத்தனையோ முறை அந்தத் தோப்பில் பூக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கும் சிவப்புக்கும் அரளிதான் வைப்பார்கள், வாசம் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காக. அந்த வருஷம் மட்டும் அந்தக் கிழவர் வெள்ளைக்கு மல்லிகை வைத்திருந்தார். அவருடைய அம்மாவும் ஏதோ ஒரு தூணின் அடியில் சுண்டுவிரல் உயரத்தில் நின்றவள்தானே? நான் கேட்க நினைப்பதற்குள் அவரே தூணாகிவிட்டார்.

பாட்டன்கள் சம்மதித்தாலும் பூசாரி இரண்டு நிபந்தனை போட்டார். உயிர் இருக்கும்வரை தூணை நிமிர்த்தக்கூடாது, கண் திறக்கக்கூடாது. ஆசாரி மிச்ச வேலையை முடித்துச் சாக்கில் வைத்துத் தைத்து ஒரு மாட்டுவண்டியில் அனுப்பினார். அது எங்கள் வீட்டுப் பரணில் படுத்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு முறை அத்தை அதைக் கீழே இறக்கச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, தையலைப் பிரித்துத் தானே எண்ணெய் தடவித் திரும்பத் தைத்துவிடுவாள். "உள்ளே யாரையும் விடமாட்டியளோ?" என்று அம்மா கேட்டால், "நான் குளிக்கும்போது எட்டிப் பாப்பியோ?" என்பாள்.

எமன் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொள்ளவே இல்லை. அத்தை மில்லிலிருந்து ஓய்வு பெற்றாள். சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது, அதன் மணி மூடி இன்றும் என் வீட்டில் சில்லறை போட உதவுகிறது. பூசாரி போனார், ஆசாரி போனார், அம்மா போனாள். அப்பாவும் போய்ப் போலீஸ் தொப்பியோடு தூணாகி நின்றார். அவர் தொப்பிக்கு எண்ணெய் தடவும்போது அத்தை, "ஏலே தம்பி, நான் உனக்குப் பொறவுதான் வாரேன், என்ன செய்வே?" என்று அவரையே வம்புக்கு இழுப்பாள். நான் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனேன். அங்கே தூணும் கிடையாது, சுண்டுவிரலும் கிடையாது, சுவரில் மாட்டும் போட்டோதான். கேரியரை விட்டு ஏன் இறக்கினாய் என்று மட்டும் அத்தையிடம் நான் கேட்டதே இல்லை. கோபம்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

போன ஐப்பசியில் அத்தை தூக்கத்திலேயே போனாள். தொண்ணூறைத் தாண்டியவள். யாரும் பெரிதாக அழவில்லை, வாழ்ந்து முடித்த சாவு.

மாசியில் தூணை வேன் வைத்துத் தோப்புக்குக் கொண்டுபோனோம். கண் திறக்க ஆசாரியின் மகன் வந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கதவு ஜன்னல் கடை வைத்து நன்றாக இருக்கிறான். இப்போதைய பூசாரி பழைய பூசாரியின் பேரன், பேன்ட்டுக்கு மேல் வேட்டி கட்டியிருந்தான். அப்பா தூணுக்குப் பக்கத்தில் குழி. சாக்கைப் பிரித்ததும் ஐம்பது வருஷ எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. தூணை நிமிர்த்தினார்கள். அத்தை சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு அப்படியே அவள் மூக்கு, நூல் தப்பவில்லை. மண் தள்ளி மிதித்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் பின்பக்கம் போனேன்.

கேரியரில் அரிசி மூட்டை இல்லை.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஒரு கை சீட்டுக்கு அடியில் சுருள் கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் இலைப் பொட்டலம். ஒரு கன்னம் தின்பண்டத்தால் உப்பியிருந்தது. பட்டறையில் நான் அப்பாவைக் கூட்டிப்போய் நிறுத்திய அன்றைக்கு அந்த இடம் வெறும் கட்டி மரம். நான் காட்டிக்கொடுத்த பிறகுதான் என்னை அங்கே ஏற்றி உட்காரவைத்திருக்கிறாள். அத்தையின் மர முகத்தைவிட அந்தப் பிள்ளையின் கன்னம் கறுத்து வழவழவென்றிருந்தது. வருஷா வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதிகம் தடவியது அந்தக் கன்னத்தைத்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பேரன் பேத்திகள் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆசாரி மகன் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, நுனி உளியால் அத்தையின் இரண்டு கண்களையும் திறந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். அவன் ஸ்டூலைப் பின்பக்கம் மாற்றிப் போட்டு, உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, இந்தப் பிள்ளைக்கும் திறந்துரவா? இது யாரு, எப்பச் செத்துச்சு?"

"அது நான்தாம்ப்பா."

அவன் உளியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பூசாரிப் பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கன்னத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் தேய்த்தேன்.

"செத்தப் பொறு, ராசா. இன்னும் கொஞ்ச காலம் நான் கண்ணை மூடிக்கிட்டே கேரியர்ல போறேன். அத்தைதானே ஓட்டுது."